சுறுசுறுப்பான கரடிக்குச் ‘சோம்பல்’ என்ற பெயர் வந்தது எப்படி?

நீலகிரியில் தேயிலைத் தோட்டத்துக்குள் கரடி வந்தது, ரேஷன் கடைக் கதவை உடைத்தது, கோயில் விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனது என்று அடிக்கடி செய்தி வருகிறது. அதே செய்தியை நான்கு இடங்களில் படித்தால் அந்த விலங்குக்கு நான்கு பெயர்கள் கிடைக்கும். ஓரிடத்தில் வெறும் கரடி, இன்னோரிடத்தில் கருங்கரடி, வேறோரிடத்தில் தேன்கரடி. ஆங்கிலச் செய்தியைப் பார்த்து எழுதியிருந்தால் ‘ஸ்லாத் பியர்’. அதையும் தமிழாக்கியே ஆக வேண்டும் என்று நினைத்தவர் கையில் அது ‘சோம்பல் கரடி’ ஆகிவிடுகிறது.

இவை நான்கும் வெவ்வேறு கரடிகளா? நம் காட்டில் ஆளைத் துரத்தி வரும் கரடிக்குச் சோம்பல் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால் 1791-ஆம் ஆண்டு லண்டனில் போய் நிற்போம். அங்கிருந்து திரும்பி வந்தால், இன்றைக்கு ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்ப் பாட்டில் இதே கரடி புற்றைக் கிண்டிக்கொண்டிருக்கும்.

முதலில், எந்தக் கரடி?

உலகில் இன்று இருப்பவை எட்டு வகைக் கரடிகள். அவற்றில் நான்கு இந்தியாவில் உண்டு. பழுப்புக் கரடியும் ஆசியக் கருங்கரடியும் இமயமலைப் பக்கம் வாழ்பவை. கருங்கரடி வடகிழக்கிலும் உண்டு. மலேயா வரை பரவியிருக்கும் சூரியக் கரடி நம் நாட்டில் வடகிழக்கு மாநிலங்களில் மட்டும் காணப்படுகிறது. நான்காவதுதான் நாம் பேசும் கரடி. ஆங்கிலத்தில் ஸ்லாத் பியர்.

தென்னிந்தியக் காடுகளிலும் இலங்கையிலும் இந்த ஓர் இனம்தான் உண்டு. முதுமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை, இலங்கையில் வில்பத்து, யால என எங்கே ‘கரடி’ என்று சொன்னாலும் அது இதுதான். ஆகவே தமிழ்நாட்டுச் செய்தியில் ‘கருங்கரடி’ என்று வந்தால், அது கரிய நிறக் கரடி என்ற பொருளில் எழுதப்பட்டதே தவிர, இமயத்துக் கருங்கரடி இறங்கி வந்துவிடவில்லை.

ஆளை அடையாளம் காண்பது எளிது. உடல் முழுக்கக் கலைந்து தொங்கும் நீளமான கறுப்பு மயிர். தோளிலும் பிடரியிலும் அது இன்னும் அடர்த்தி. காதுகளிலிருந்தும் மயிர் தொங்கும். மூக்கும் வாயும் சேர்ந்து நீண்ட முகவாய் மட்டும் வெளிறிய சாம்பல் நிறம். நெஞ்சில் ஆங்கில ‘வி’ அல்லது ‘ஒய்’ எழுத்துப் போல வெண்மையான பட்டை. முன்பாதங்களில் வெளிறிய, வளைந்த, ஆறு ஏழு சென்டிமீட்டர் நீண்ட நகங்கள். இந்த நகங்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழப்பம் முழுவதும் அங்கேதான் தொடங்கியது.

ஸ்லாத் என்பது என்ன?

ஸ்லாத் என்பது மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் தனி விலங்கு. மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கும். கொக்கி போல வளைந்த நகங்களால் கிளையைப் பற்றிக்கொண்டு, நாளின் பெரும்பகுதியை அசையாமல் கழிக்கும். நகர்ந்தாலும் அங்குலம் அங்குலமாக. எறும்புதின்னியும் ஆர்மடில்லோவும் அதன் உறவினர்கள். கரடிக்கும் அதற்கும் எந்த நெருக்கமும் இல்லை. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே உலகில் எங்கும் ஸ்லாத் கிடையாது.

அந்த விலங்கின் பெயரே மனிதர்கள் ஏற்றிய பழி. ‘ஸ்லாத்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் சோம்பல் என்றே பொருள். கிறித்தவ மரபு சொல்லும் ஏழு பெரும் பாவங்களில் ஒன்றும் அதுதான். பிரேசிலுக்குப் போன போர்ச்சுகீசியர் இந்த மந்தமான விலங்கைப் பார்த்து, தங்கள் மொழியில் சோம்பலைக் குறிக்கும் ‘பிரெகிசா’ என்று அழைத்தார்கள். ஆங்கிலேயர் அதே பொருளுள்ள தங்கள் சொல்லை வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் ‘சோம்பேறி’ என்றே சொன்னார்கள். விலங்கியலில் மூவிரல் ஸ்லாத் இனத்துக்கு வழங்கும் ‘பிராடிபஸ்’ என்ற கிரேக்க வழிப் பெயருக்கு ‘மெதுவான பாதம்’ என்று பொருள்.

இதில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. உயிரினங்களுக்கு இருசொற் பெயர் வைக்கும் முறையைத் தந்த கார்ல் லின்னேயஸ், 1758-இல் வெளியான தம் நூலில் இருவிரல் ஸ்லாத்தின் வாழிடம் இலங்கை என்று தவறாக எழுதிவிட்டார். நம் தேவாங்கையும் அதன் உறவினமான வங்காளத்துத் தேவாங்கையும் அக்கால ஐரோப்பியர் பலர் ஸ்லாத்தோடு போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். மெதுவாக நகரும், மரத்தைக் கட்டிப்பிடிக்கும் எதுவும் அவர்களுக்கு ஒரே கூட்டம்தான். ஆகவே இந்தியாவிலிருந்து புதிதாக ஒரு ஸ்லாத் வந்திருக்கிறது என்று 1791-இல் யாராவது சொன்னால், லண்டனில் அது நம்ப முடியாத செய்தி இல்லை. இந்தப் பின்னணி தெரியாவிட்டால் அடுத்து வரும் தவறு வெறும் முட்டாள்தனமாகத் தெரியும். அப்படிச் சொல்வது அநியாயம்.

1791: ஜார்ஜ் ஷா செய்தது

ஜார்ஜ் ஷா ஆங்கிலேய விலங்கியலாளர். 1791-இல்தான் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். புதிய புதிய உயிரினங்களை வண்ணப் படங்களோடு அறிமுகம் செய்யும் வெளியீடு ஒன்றை நடத்திவந்தார். பிற்பாடு, முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸ்ஸை முதன்முதலாக அறிவியல் முறையில் விவரித்தவரும் இவரே. அப்படிப்பட்டவர் நம் கரடிக்கு வைத்த பெயர் ‘பிராடிபஸ் உர்சைனஸ்’. உர்சைனஸ் என்றால் இலத்தீனில் கரடியைப் போன்றது. அதாவது, கரடியைப் போன்ற ஸ்லாத்.

உருவம் கரடி போல இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. பெயரிலேயே அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் அக்கால வகைப்பாட்டு முறை, உருவத்தைவிடப் பல்லையும் நகத்தையும் நம்பச் சொன்னது. அந்தக் கணக்கு இப்படிப் போனது:

1. நகம். இது நீளம், வளைவு. கிளையில் தொங்கும் ஸ்லாத்தின் நகத்தை நினைவூட்டியது.

2. பல். கரடிகளுக்கு மேல்தாடையில் ஆறு வெட்டுப்பற்கள் இருக்க வேண்டும். இதற்கு நடுவில் உள்ள இரண்டு இல்லை. ஸ்லாத்துக்கோ வெட்டுப்பற்களே கிடையாது. முன்பல் இல்லாதது ஸ்லாத் பக்கம் சேரும் என்பது முடிவு.

3. மயிர். ஒழுங்கில்லாமல் தொங்கும் நீண்ட மயிரும் ஸ்லாத்தின் தோற்றத்தோடு ஒத்துப்போனது.

ஆக, கண்டது சரி, எண்ணியதும் சரி. அந்த உறுப்புகள் எதற்காக என்ற இடத்தில்தான் கணக்குப் பிழைத்தது. அதைத் தெரிந்துகொள்ள இந்த விலங்கு சாப்பிடுவதைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு பற்கள் ஏன் இல்லை?

வெயிலில் கல்லாக இறுகிய செம்மண் புற்று. கடப்பாரை போட்டால் தெறிக்கும் அளவுக்குக் கெட்டி. கரடி அதன் முன் நின்று முன்காலால் பிறாண்டுகிறது. கட்டி கட்டியாக மண் பெயர்கிறது. குழி போதுமான ஆழம் ஆனதும் முகவாயை உள்ளே நுழைத்து முதலில் பலமாக ஊதுகிறது. தூசியும் மண்ணும் பறக்கின்றன. அப்புறம் உதடுகளைக் குழல் போல முன்னே நீட்டி, மூச்சை உள்ளே இழுக்கிறது. கரையானும் அதன் முட்டையும் வாய்க்குள் போகின்றன.

இந்த வேலைக்கு ஏற்றபடி அதன் வாய் முழுவதும் மாறியிருக்கிறது. மேலே நடுவில் இரண்டு பற்கள் இல்லாத இடைவெளிதான் உறிஞ்சும் வழி. மேலண்ணம் குழிந்து அந்த வழியைப் பெரிதாக்குகிறது. கீழுதடு மூக்கு நுனியைத் தொடும் அளவுக்கு நீளும். மண்ணும் பூச்சியும் ஏறாதபடி மூக்குத் துளைகளை அதனால் மூடிக்கொள்ள முடியும். முகவாயில் மயிர் குறைவாக இருப்பதால் கரையான் பீச்சும் பிசுபிசுப்பும் ஒட்டுவதில்லை. உறிஞ்சும் ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்; காட்டு வேலைக்குப் போகிறவர்கள் கரடி பக்கத்தில் இருப்பதைப் பல நேரம் அந்த ஓசையால்தான் அறிகிறார்கள்.

எட்டு வகைக் கரடிகளில் கரையானையும் எறும்பையும் முதன்மை உணவாக்கி, அதற்கென்றே உடலை மாற்றிக்கொண்டது இது ஒன்றுதான். ஷா ‘ஸ்லாத்’ என்று படித்த நகம், மண்வெட்டி. ‘ஸ்லாத்’ என்று படித்த பல்லிடைவெளி, உறிஞ்சுகுழாய். சோம்பேறியின் அடையாளமாக எண்ணப்பட்ட இரண்டுமே, இரவெல்லாம் மண்வெட்டும் ஒரு விலங்கின் வேலைக் கருவிகள்.

கரடி என்று தெரிந்தது, பெயர் தலைகீழானது

ஷாவின் பெயர் நெடுநாள் எதிர்ப்பில்லாமல் ஓடவில்லை. 1793-இலேயே மேயர் என்ற ஜெர்மானியர் ‘மெலுர்சஸ்’ என்ற புதிய பேரினப் பெயரை, அதாவது இருசொற் பெயரின் முதல் சொல்லை, தந்தார். ‘மெல்’ தேன், ‘உர்சஸ்’ கரடி. 1811-இல் இல்லிகர் ‘புரோகைலஸ்’ என்றார்; முன்னே நீண்ட உதடு என்பது பொருள். 1817-இல் பிரெஞ்சுக்காரரான பிளேன்வில் ‘உர்சஸ் லேபியாடஸ்’, அதாவது உதட்டுக் கரடி என்று எழுதினார். 1820-இல் டீடெமான் ‘நீள்மூக்குக் கரடி’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். நம் ஊர்த் தெருக்களில் வித்தைக்காரர்கள் இதை ஆட்டிவைத்துப் பிழைத்ததைக் கேள்விப்பட்டுப் பிரெஞ்சில் ‘வித்தைக்காரனின் கரடி’ என்றும் ஒரு பெயர் ஓடியது. முப்பது ஆண்டுகளுக்குள் இத்தனை.

1810-ஐ ஒட்டி ஒரு கரடி உயிரோடு பிரான்ஸ் போய்ச் சேர்ந்தது. நடக்கும், நிற்கும், தின்னும் விலங்கை நேரில் பார்த்தபின் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இது கரடிதான்.

அங்கே ஆங்கிலம் செய்ததுதான் விசித்திரம். ‘கரடி ஸ்லாத்’ என்று இருந்ததைத் தூக்கி எறியாமல், இரண்டு சொற்களையும் இடம் மாற்றி ‘ஸ்லாத் கரடி’ ஆக்கிவிட்டது. தவறு திருத்தப்பட்டது, தவறான சொல் மட்டும் அடைமொழியாக ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டது. இன்று உலகம் முழுக்கக் கேட்கும் பெயர் அந்த அரைகுறைத் திருத்தம்தான்.

மற்ற ஐரோப்பிய மொழிகளில் பல வேறு வழியில் போயின. ஜெர்மன், டச்சு, சுவீடிஷ் மொழிகளில் இதற்கு ‘உதட்டுக் கரடி’ என்றே பெயர். ரஷ்ய மொழியில் ‘குபாச்’, பெரிய உதடன். விலங்கின் முகத்தைப் பார்த்து வைத்த பெயர்கள் இவை. இவற்றோடு ஒப்பிட்டால் ஆங்கிலப் பெயர்தான் மிகவும் பலவீனம்.

அடைப்புக்குறிக்குள் ஒரு வரலாறு

அறிவியல் நூல்களில் இன்று இதன் முழுப்பெயரை இப்படி எழுதுவார்கள்: மெலுர்சஸ் உர்சைனஸ் (ஷா, 1791). அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்குப் போட்டது இல்லை. விலங்கியல் பெயரிடும் விதிகளில் அதற்குத் துல்லியமான பொருள் உண்டு.

1. ஓர் இனத்துக்கு முதலில் வெளியிடப்பட்ட இனப்பெயருக்கே, அதாவது இருசொற் பெயரின் இரண்டாம் சொல்லுக்கே, முன்னுரிமை. பொருத்தமில்லை, பொருள் தவறு என்பதெல்லாம் அதை மாற்றக் காரணம் ஆகாது. இதை முன்னுரிமை விதி என்பார்கள்.

2. பேரினப் பெயர் மட்டும், வகைப்பாடு திருந்தும்போது மாறலாம். பிராடிபஸ் போய் மெலுர்சஸ் வந்தது அப்படித்தான்.

3. பெயரிட்டவர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் முதலில் வேறொரு பேரினத்தில் இந்த விலங்கைச் சேர்த்திருந்தார் என்று பொருள். குறி இல்லாவிட்டால், அன்று வைத்த பேரினமே இன்றும் நிற்கிறது.

ஆக, இரண்டு சின்ன வளைகோடுகள் ‘ஷா இதை வேறெங்கோ வைத்திருந்தார்’ என்று 200 ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. விளைவு கொஞ்சம் வினோதம்: பெயரை அப்படியே தமிழில் பெயர்த்தால் ‘கரடியைப் போன்ற தேன்கரடி’ என்று வரும். ஸ்லாத்துக்கு அடைமொழியாக இருந்தபோது பொருள் தந்த உர்சைனஸ், கரடிக்கே அடைமொழியானதும் கூறியது கூறலாகிவிட்டது.

இலங்கைக் கரடி இதன் கிளையினம். 1855-இல் பியூசெரான் அதற்கு வைத்த மூன்றாம் பெயர் ‘இனோர்னாடஸ்’, அணிகலன் இல்லாதது. அங்குள்ள கரடிகளுக்கு உடல் மயிர் குட்டை. நெஞ்சுப் பட்டையும் பலவற்றில் தெளிவாக இராது.

தேன்கரடி என்பது சரியா?

தமிழில் பாடநூல் வாசம் உள்ள பெயர் இது. மேயரின் மெலுர்சஸ் என்பதற்கு நேரான பொருள். தவறு என்று சொல்ல முடியாது. இந்தக் கரடி மரமேறித் தேனடையைக் கலைத்துத் தின்னும் என்பது உண்மை.

கரடியைத் தேனால் அழைப்பது பழைய வழக்கமும்கூட. ரஷ்யன் முதலிய ஸ்லாவிய மொழிகளில் கரடிக்கு ‘மெத்வேத்’. தேனுண்ணி என்று பொருள். அதன் முதற்பாதி சமஸ்கிருத ‘மது’வுக்கு உறவு. இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் கரடிக்கு இருந்த மூலச் சொல் வேறு. கிரேக்கத்தில் ‘ஆர்க்டோஸ்’ ஆகவும், இலத்தீனில் ‘உர்சஸ்’ ஆகவும், சமஸ்கிருதத்தில் ‘ருக்ஷ’ ஆகவும் நிற்பது அதுதான். இந்தியில் ‘ரீச்’ என்று இன்றும் வழங்குகிறது. வடக்கு ஐரோப்பியக் காட்டு மக்கள் அந்த மூலச் சொல்லை வாயால் சொல்ல அஞ்சி, தேனுண்ணி என்றும் பழுப்பன் என்றும் சுற்றி வளைத்துச் சொன்னார்கள் என்பது மொழியியலாளர் பலர் தரும் விளக்கம். இரவில் பாம்பு என்று சொல்லாமல் ‘பூச்சி’ என்று சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புரியும்.

ஆனால் தேன்கரடி என்ற பெயரில் இரண்டு சிக்கல் உண்டு. மலாய் மொழியிலும் தேன்கரடி என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. அது சூரியக் கரடிக்கு. ஆங்கிலத்திலும் சூரியக் கரடியையும், கரடியே அல்லாத கிங்கஜூ என்ற அமெரிக்க விலங்கையும் தேன்கரடி என்பார்கள். இரண்டாவது, இதன் வயிறு நிரம்புவது தேனால் இல்லை. கரையான், எறும்பு, பழம். தேன் கிடைத்தால் விடாது, அவ்வளவுதான்.

எண்கு, உளியம்: தமிழில் இருந்த பெயர்கள்

சங்கப் பாட்டில் கரடிக்கு ‘எண்கு’ என்றும் ‘உளியம்’ என்றும் பெயர். அன்றும் இன்றும் தென்னாட்டில் இருப்பது ஒரே கரடி இனம் என்பதால், புலவர்கள் பார்த்தது இதையேதான் என்பதில் ஐயமில்லை. அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதை ஷாவின் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அகநானூற்றின் 149-ஆம் பாட்டு, யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறியைச் சொல்வதால் வரலாற்று மாணவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. அது தொடங்குவதோ கரடியில். சின்னஞ்சிறு கரையான்கள் நெடுநேரம் பாடுபட்டு எழுப்பிய நெடிய சிவந்த புற்று; அதற்குள் ஒடுங்கிக் கிடக்கும் இரை; அதைத் தின்று தின்று வெறுத்தபின், இருப்பை மரத்தின் துளையுள்ள வெண்பூவைக் கவர வரும் ‘பெருங்கை எண்கின் இருங்கிளை’. இருப்பை என்பது இன்று நாம் சொல்லும் இலுப்பை. முதன்மை உணவு கரையான், பருவத்தில் பூவும் பழமும் என்று இன்றைய ஆய்வுகள் சொல்லும் உணவுப் பட்டியல் இந்த நான்கு வரிக்குள் வரிசை மாறாமல் இருக்கிறது.

112-ஆம் பாட்டில் ‘கூனல் எண்கின் குறுநடைத் தொழுதி’ நள்ளிரவில் செம்புற்றின் உச்சியை உடைத்து இரை தேடுகிறது. தலை தாழ்த்தித் தோள் உயர்த்தி நடப்பதால் கூனல். 8-ஆம் பாட்டு இன்னும் கிட்டத்தில் போகிறது: ‘குரும்பி வல்சிப் பெருங்கை ஏற்றை’. குரும்பி என்பது புற்றுக்குள் தேனடை போலக் கரையான் கட்டிவைப்பது. அதை உணவாகக் கொண்ட, பெரிய கையுடைய ஆண் கரடி. அது புற்றைத் தோண்டும்போது, உறை போலத் தோல் தொங்கும் கூரிய நகம் பட்டு, உள்ளே இருந்த பாம்பு வலிமை இழக்கிறது. நகத்தின் அடியில் உறை போன்ற தோல் இருப்பதைச் சொல்ல, எவ்வளவு அருகில் பார்த்திருக்க வேண்டும்!

திருமுருகாற்றுப்படையில் வருவது உளியம். கரிய பனையின் செறும்பு போன்ற மயிர் மூடிய உடல், ‘குடாவடி’. பனைமரத்தின் உள்ளே கறுத்து நிற்கும் சிராம்பைத் தொட்டவர்களுக்கு அந்த மயிரின் சொரசொரப்புத் தெரியும். குடாவடி என்றால் வளைந்த பாதம். இந்தக் கரடி முன்பாதங்களை உட்பக்கம் திருப்பி வைத்தே நடக்கும். மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தாலும் அது தெரியும்.

லண்டனில் பார்த்ததும் நகம், மயிர். குறிஞ்சியிலும் பாலையிலும் பார்த்ததும் நகம், மயிர். இங்கே பார்த்தவர்கள் அந்த நகம் புற்றில் இறங்குவதைச் சேர்த்துப் பார்த்தார்கள். என் கணிப்பில் பெயர் பிழைத்ததற்குக் காரணம் இந்த ஒரு வேறுபாடுதான்.

எண்கு என்ற சொல் தமிழ்ப் பேச்சிலிருந்து போய்விட்டது. அதற்கு உறவான ‘எலுகு’ தெலுங்கில் உயிரோடு இருக்கிறது. கரடியை அங்கே எலுகுபண்டி என்கிறார்கள். தமிழும் மலையாளமும் கன்னடமும் ‘கரடி’யில் நின்றுவிட்டன.

பெயர் தவறாக இருப்பதால் என்ன கெட்டுவிடும்?

1. ஆபத்தைக் குறைத்து எண்ண வைக்கும். சோம்பல் கரடி என்று கேட்டவர் மெதுவாக நகரும் ஒன்றைக் கற்பனை செய்வார். இது மனிதனை ஓடிப் பிடிக்கும் வேகம் உள்ளது. புலி திரியும் காட்டில் வாழ்வதால், திடீரென்று எதிரில் யாரைக் கண்டாலும் ஒதுங்காமல் எதிர்த்து நிற்கும் குணம் இதற்கு அதிகம். பின்கால்களில் எழுந்து நின்று முகத்தையும் தலையையும் தாக்கும். பெரும்பாலான தாக்குதல்கள் விறகுக்கோ பழத்துக்கோ பூவுக்கோ போனவர் மிக அருகில் எதிர்பாராமல் மோதிக்கொள்ளும்போது நடப்பவை. அதனால்தான் அதிகாலையிலும் அந்தியிலும் தனியாகப் போகாதீர்கள், பேசிக்கொண்டே கூட்டமாகப் போங்கள், கண்டால் ஓடாதீர்கள் என்று சொல்கிறார்கள்.

2. தூங்கும் விலங்கு என்ற எண்ணம் வரும். குளிர்நாட்டுக் கரடிகளைப் போல இது மாதக்கணக்கில் உறங்குவதில்லை. குட்டி ஈன்ற தாய் குகையில் அடங்கியிருப்பதைத் தவிர, ஆண்டு முழுவதும் நடமாட்டம் உண்டு. ‘பனிக்காலம், கரடி வராது’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

3. முதுகில் குட்டி இருப்பது மறந்துபோகும். குகையிலிருந்து வெளிவந்த குட்டிகளைத் தாய் மாதக்கணக்கில் முதுகில் சுமந்தே இரை தேடும். தோளில் அடர்ந்து நிற்கும் அந்த நீண்ட மயிரைக் குட்டிகள் பிடித்துக்கொள்ளும். இதை வழக்கமாகச் செய்யும் கரடி இனம் இது ஒன்றே. இருட்டில் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கரடியாகத்தான் தெரியும். நிற்பது குட்டியோடு நிற்கும் தாய்.

4. காப்பதற்கு என்ன தேவை என்பது திசைமாறும். தேன்கரடி என்றால் தேனடைகள் போதும் என்று தோன்றும். உண்மையில் இதற்கு வேண்டியது புற்று கலையாத நிலமும், நாவல், அத்தி, இலந்தை, கொன்றை, இலுப்பை நிற்கும் காடும், பகலில் ஒதுங்கப் பாறை இடுக்குகளும். இலங்கையில் பாலைப்பழம் பழுக்கும் நடு ஆண்டு மாதங்களில் யாலவுக்குப் போகிறவர்கள் பாலை மரத்தின் மேல் கரடியைப் பார்ப்பது அதனால்தான். அந்த இரை குறையும் இடங்களில் வெல்லமும் எண்ணெயும் குப்பைத் தொட்டியும் அதை ஊருக்குள் இழுக்கும். கர்நாடகத்தில் ஹம்பிக்குப் பக்கத்தில் உள்ள தரோஜி, பாறையும் முட்புதரும் கலந்த இந்த வாழிடத்துக்காகவே 1994-இல் கரடிச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

5. படமும் சட்டமும் குழம்பும். கருங்கரடி என்று தேடி, பெரிய வட்டக் காதும் வழவழப்பான மயிரும் உள்ள இமயக் கரடியின் படத்தைப் போட்டு நீலகிரிச் செய்தியை வெளியிட்டால், படிப்பவர் மனத்தில் தவறான விலங்கு பதியும். நம் கரடி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. உலக அளவில் அழிவாய்ப்பு உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. வங்கதேசத்தில் ஏற்கனவே அற்றுப்போய்விட்டது. மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்துத் தெருவில் ஆடவிடப்பட்டதும், முடியைப் பிடுங்கித் தாயத்தாகக் கட்டப்பட்டதும் இதே கரடிதான். அந்தக் கரடிகளில் கடைசி ஒன்று 2009-இல் மீட்கப்பட்டதாக மீட்புப் பணியில் இருந்தவர்கள் அறிவித்தார்கள்.

அப்படியானால் எப்படி எழுதுவது?

தமிழ்நாட்டு, இலங்கைச் செய்தி என்றால் ‘கரடி’ என்ற ஒரு சொல் போதும். வேறு கரடி இங்கே இல்லாதபோது அடைமொழிக்குத் தேவையே இல்லை.

மற்ற கரடிகளோடு ஒப்பிடும் இடத்தில் தேன்கரடி என்று எழுதலாம். பழகிய சொல், பெரிய தீங்கு இல்லை. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ‘புற்றுக்கரடி’ என்று எழுதிப் பார்க்கலாம். அது தின்பதையும் செய்வதையும் ஒரே சொல்லில் சொல்கிறது, வேறெந்தக் கரடியோடும் குழம்பாது. ஆங்கிலப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் ஸ்லாத் பியர் என்று ஒலியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘சோம்பல் கரடி’ மட்டும் வேண்டாம். ஆங்கிலத்தில் அது ஒரு பழைய வகைப்பாட்டுப் பிழையின் மிச்சம் என்பதாவது தேடிப் பார்ப்பவருக்குத் தெரியவரும். தமிழில் பெயர்த்தால் அந்த வரலாறு உதிர்ந்துபோய், ஒரு விலங்கின் குணத்தைப் பற்றிய பொய் மட்டும் மிஞ்சும். அதே காரணத்துக்காக ‘தேவாங்குக் கரடி’யும் கூடாது. சில அகராதிகளைப் பார்த்து ஸ்லாத்தைத் தேவாங்கு என்று பெயர்ப்பவர்கள் உண்டு. தேவாங்கு நம் காட்டில், நம் வேலியோரத்தில் வாழும் இன்னோர் உயிர். இலங்கையில் ஸ்லாத் இருக்கிறது என்று 1758-இல் எழுதப்பட்ட அதே குழப்பத்தை, 250 ஆண்டுகளுக்குப் பிறகு தேவாங்கின் சொந்த ஊரில் இருந்துகொண்டு நாம் மறுபடி எழுத வேண்டியதில்லை.